நாய்க்கு வயிற்றுப் பூச்சி: டர்பன் வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ஐசிப்பிங்கோ பக்கமிருந்து நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் கால்நடை மருத்துவமனைக் கவுன்டரில் நின்று கேட்கிற கேள்விகள் இவை. பாட்டியும் படிக்கிற மாதிரி தமிழில் எழுதித் தாருங்கள் என்று சிலர் கேட்டார்கள். நியாயம்தான். முக்கால்வாசி வீடுகளில் நாய்க்குச் சோறு வைப்பது பாட்டிதானே. நான் மருத்துவர் இல்லை, அங்கே உதவியாளர். மருந்தின் அளவை உங்கள் வெட்தான் (கால்நடை மருத்துவர்தான்) முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, மலத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் எதற்குப் பூச்சி மாத்திரை?

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் இதில் வழக்கம். கொக்கிப்புழு 1 முதல் 2 சென்டிமீட்டர்தான் இருக்கும், மிக மெல்லியது. சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு கிடக்குமே தவிர வெளியே வந்து முகம் காட்டாது. சாட்டைப்புழுவும் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் தலையைச் செருகிக்கொண்டு கிடக்கும். வெளியே வருவதெல்லாம் முட்டை. அதைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும். வளர்ந்த நாய்க்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருப்பதால் வயிற்றில் புழு இருந்தும் வால் ஆட்டிக்கொண்டு ஓடியாடித் திரியும். ஆனால் போகிற இடமெல்லாம் முட்டையை விதைத்துக்கொண்டே போகும்.

நாம் இருக்கும் இடமும் ஒரு காரணம். டர்பனில் குளிர்காலமான ஜூலை மாதத்தில்கூட பகல் வெப்பம் 20 டிகிரிக்கு மேல்தான். உறைபனி கிடையாது. கோடை முழுக்க மழை, ஈரம், நிழல். கொக்கிப்புழுவின் குஞ்சுகளுக்கு இதைவிட வசதியான மண் வேண்டியதில்லை. மாத்திரை நாயின் வயிற்றில் இருப்பதைக் கொல்லும், அவ்வளவுதான். முற்றத்தில் இருப்பது அப்படியே இருக்கும். "போன மாதம்தானே மருந்து கொடுத்தோம், மறுபடி எப்படி வந்தது" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அதனால்தான் இந்தப் பக்கத்திலும் மண்ணைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

மொத்தம் எத்தனை வகைப் புழு?

நம் பக்கத்து நாய்களில் சாதாரணமாகப் பார்ப்பவை நான்கு: உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு. உருண்டைப்புழு வெள்ளையாக, 18 சென்டிமீட்டர் வரைகூட வளரும். குட்டி வாந்தி எடுக்கும்போதோ வயிறு கழியும்போதோ சுருண்டு விழுவதும், வீட்டில் எல்லோரும் அலறுவதும் இதைப் பார்த்துத்தான். அலறல் அதிகம் இதற்குத்தான் என்றாலும் குட்டியின் உயிருக்கு அதிக ஆபத்து கொக்கிப்புழு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாயின் முக்கியமான கொக்கிப்புழு ஒன்று நாளுக்கு 0.1 மில்லி வரை ரத்தம் குடிக்கும். 1 கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே 80 முதல் 90 மில்லிதான். 100 புழு இருந்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட 10 மில்லி, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு போய்விடுகிறது. இது தவிர, கவ்விய இடத்தை விட்டு வேறு இடம் மாறும்போது பழைய புண்ணிலிருந்தும் ரத்தம் கசியும். மலம் கறுத்து, தார் நிறத்தில் வருவது அதனால்தான்.

சாட்டைப்புழு மெதுவாக வேலை செய்யும். விட்டுவிட்டு வரும் வயிற்றுப்போக்கு, சளிபோல வழவழப்பு, சில நேரம் சிவப்பு ரத்தத் துளி. நாய்க்குள் போய் முட்டை போடவே அதற்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகும். நாடாப்புழுவுக்கு வேறு கதை, கீழே வருகிறது.

குட்டி பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வெளியே விட்டதே இல்லை. அதற்கு எப்படிப் பூச்சி வரும்?

தாயிடமிருந்து. வளர்ந்த நாயின் உடம்புக்குள் போகும் உருண்டைப்புழுக் குஞ்சுகளில் பல குடலுக்குப் போகாமல் தசையிலும் பிற உறுப்புகளிலும் ஒடுங்கித் தூங்கிக் கிடக்கும். தாய் சினையாகி 6 வாரம் ஆனதும் அவை விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாக வயிற்றிலுள்ள குட்டிகளுக்குப் போய்விடும். பால் வழியாகவும் போகும். குட்டி மூன்றாவது வாரத்திலேயே முட்டை போடும் புழுவோடு இருக்கும்.

கொக்கிப்புழு பால் வழியாக வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பாலில் வந்த புழுக்கள் முட்டை போட ஆரம்பிக்கும் முன்பே குட்டியின் ரத்தத்தைக் குடித்துவிடுவதால், மலத்தைச் சோதித்தால் "ஒன்றுமில்லை" என்று வரும். குட்டியோ வெளுத்துப்போய்க் கிடக்கும். அதனால் 10 நாள், 15 நாள் குட்டியைப் பொறுத்தவரை டெஸ்ட் ரிசல்ட்டைவிட ஈறின் நிறம்தான் நம்பகமானது.

தூங்கிக் கிடக்கும் குஞ்சுகளைச் சாதாரண மாத்திரை தொடாது. ஆகவே தாய்க்கு மாத்திரை ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் குட்டிகளுக்குப் பூச்சி இருக்கலாம். "நாங்கள் தாயைச் சரியாகத்தான் பார்த்துக்கொண்டோம்" என்று சிலர் வருத்தப்படுவார்கள். அவர்கள்மேல் குறையில்லை. சினையின் 40-ஆவது நாளிலிருந்து பிரசவத்துக்குப் பின் 14 நாள் வரை தினமும் ஃபென்பெண்டசோல் என்னும் பூச்சி மருந்து கொடுத்து இதைக் குறைக்க முடியும். வெட் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

சரி, குட்டிக்கு எப்போது ஆரம்பிப்பது?

2 வாரத்தில். பிறகு 4, 6, 8 வாரங்களில். அதற்குப் பின் 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் அதே நாட்களில் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவள் குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யும்போது எல்லாம் அவளுக்கும் போகிறது.

8 வாரத்தில் தடுப்பூசிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதற்குள் முதல் மூன்று தவணை போய்விட்டது. குட்டி விற்கிறவர் "டீவார்ம் பண்ணியாச்சு" என்று சொன்னால், எந்த மருந்து, எந்தத் தேதி என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

குட்டிகளுக்குத் தண்ணீர் மருந்து வாங்குங்கள். சமையலறைத் தராசில் எடை பார்த்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஒரே மூச்சில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஈறு வெளுத்திருக்கிறது, நாய் எழுந்திருக்கவே இல்லை. பூச்சி மாத்திரை கொடுக்கட்டுமா?

மாத்திரைக்காகக் காத்திருக்காமல் வண்டியை எடுங்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் இரண்டில் ஒன்று பெரும்பாலும் காரணம். சின்னக் குட்டியாக இருந்தால் கொக்கிப்புழு. எந்த வயது நாயாக இருந்தாலும் பிலியரி. பிலியரி உண்ணி கடித்து வருவது, ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைப்பது. காய்ச்சல் இருக்கும், சிறுநீர் சிவந்தோ பழுப்பாகவோ போகலாம். அதற்குப் பூச்சி மாத்திரை ஒன்றும் செய்யாது. ஒரு நாள் தள்ளிப்போட்டால் உயிர் போகக்கூடிய நோய். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அதேபோல, தடுப்பூசி போடாத குட்டி விடாமல் வாந்தி எடுத்து, நாற்றமெடுக்கும் ரத்தப்போக்கும் இருந்தால், இங்கே எல்லோரும் கேட் ஃப்ளூ (cat flu) என்று சொல்கிற பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். "பூச்சியாகத்தான் இருக்கும், மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்று இரண்டு நாள் கழித்துக் கொண்டுவரும் குட்டிகளில் பல பிழைப்பதில்லை.

வால் அடியில் சோற்றுப் பருக்கை மாதிரி ஒட்டியிருக்கிறது, சிலது நெளிகிறது. மாத்திரை கொடுத்தும் ஒரு மாதத்தில் மறுபடி வந்துவிட்டது. மாத்திரை போலியா?

மாத்திரை நல்லதுதான். அது டிப்பிலிடியம் என்னும் நாடாப்புழு. நீங்கள் பார்ப்பது புழுவின் உடம்பிலிருந்து கழன்று விழும் துண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் முட்டைப் பைகள். புதிதாக விழுந்ததும் நெளியும், காய்ந்தால் அரிசிமணி நிறத்தில் படுக்கை விரிப்பில் கிடக்கும்.

இந்தப் புழு மண்ணிலிருந்து நேராக வராது, தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது. தெள்ளுப்பூச்சியின் புழுப்பருவம் படுக்கையிலும் கார்ப்பெட்டிலும் கிடக்கும் முட்டையைத் தின்னும். அது வளர்ந்து நாயின்மேல் ஏறும். நாய் அரிப்பு தாங்காமல் கடிக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் குடலில் புதுப் புழு. பிராசிகுவாண்டல் இருக்கும் மாத்திரை வயிற்றிலிருந்த புழுவை ஒரே நாளில் கொன்றிருக்கும். ஆனால் தெள்ளுப்பூச்சி அப்படியே இருந்தால் அடுத்த மாதமும் நீங்கள் இங்கேதான் நிற்பீர்கள். நாய்க்குத் தெள்ளு மருந்து, அதே நாளில் படுக்கையை வெந்நீரில் துவைப்பது, வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் சேர்த்து. பூனைக்கு நாயின் தெள்ளு மருந்தைப் போடாதீர்கள், சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

இன்னொன்று. வெயிலில் கிடந்த பழைய மலத்தில் புழு நெளிகிறது என்று படம் எடுத்து அனுப்புகிறீர்கள். அதில் பாதி ஈயின் புழு. ஈ வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறது, நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது. பூச்சிதானே?

பெரும்பாலும் இல்லை. ஆசனவாயின் இரு பக்கமும் இருக்கும் சுரப்பிப் பை அடைத்திருக்கும். வெட் அமுக்கி விட்டால் சரியாகிவிடும்.

பெரிய நாய்க்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

3 மாதத்துக்கு ஒருமுறை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும், வெளியே சுற்றிக் கண்டதைத் தின்னும் நாய்க்கும் மாதம் ஒருமுறை என்று வெட் சொல்வதுண்டு.

யாருக்கும் தேதி ஞாபகம் இருப்பதில்லை என்பதால் நான் சொல்லும் வழி இது: பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, ஆடிக்கூழ், தீபாவளி. நான்குக்கும் நடுவில் ஏறத்தாழ மும்மூன்று மாதம் வருகிறது. கோயில் காலண்டரில் அந்த நான்கு நாளிலும் நாயின் பெயரை எழுதிவிடுங்கள். தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் நாய் எதையும் தின்னாது, ஆகவே அதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் மாத்திரை போதுமா? வெட்டிடம் வாங்கினால் விலை அதிகமாக இருக்கிறதே?

விலையைப் பார்ப்பதில் தப்பில்லை. பார்க்க வேண்டியது இரண்டு. முதலில், பெட்டியில் G என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் 1947-ஆம் வருடத்து 36-ஆம் சட்டத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் கடையில் விற்கும் கால்நடை மருந்துகள் அந்தச் சட்டப்படிதான் பதிவாகின்றன. தெருச் சந்தையில் பெட்டியில்லாமல் ஒற்றை மாத்திரையாக விற்பதை வாங்காதீர்கள்.

அடுத்து, உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள். பைரன்டெல் மட்டும் இருந்தால் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் போகும், நாடாப்புழு போகாது. பிராசிகுவாண்டல் சேர்ந்திருந்தால் நாடாப்புழுவும் போகும். ஃபெபன்டெல்லும் இருந்தால் சாட்டைப்புழுவுக்கும் சேர்த்து. "எங்கள் நாய்க்கு மாத்திரை வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களில் பலர் நாடாப்புழுவுக்குப் பைரன்டெல் கொடுத்தவர்கள்.

அளவு எடைப்படி. 10 கிலோவுக்கு ஒரு மாத்திரை என்றால் 27 கிலோ நாய்க்கு ஒன்று போதாது. நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழியுங்கள். ரொட்வைலர் வைத்திருப்பவர்கள் எங்களிடம் வாருங்கள், தராசு கதவருகிலேயே இருக்கிறது, காசு கேட்க மாட்டோம்.

அண்ணனின் பண்ணையில் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் இருக்கிறது. கொஞ்சம் போட்டால் என்ன?

வேண்டாம். மாட்டு ஊசி மருந்தில் 1 மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும், 50 கிலோ மாட்டுக்கு 1 மில்லி என்பது அதன் கணக்கு. 20 கிலோ நாய்க்கு "கொஞ்சம்" என்று 1 மில்லி போட்டால் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் ஆகிறது. கோலி இன நாய்களிலும் அதன் கலப்பிலும் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு. மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் கதவு அவற்றுக்கு வேலை செய்யாது. அந்த நாய்களுக்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமே போதும், கண் தெரியாமல் தள்ளாடி, வலிப்பு வந்து, கோமாவில் விழ. உங்கள் நாயின் தாத்தா எந்த இனம் என்று யாருக்குத் தெரியும்? இத்தனைக்கும் அது நாடாப்புழுவைத் தொடக்கூடத் தொடாது.

வேப்பிலை அரைத்துக் கொடுக்கலாமா? பூண்டு, பப்பாளி விதை?

பாட்டிமார்களோடு இதில் நான் சண்டை போடுவதில்லை, ஆனால் இரண்டு இடத்தில் மட்டும் கறாராக இருப்பேன். ஒன்று பூண்டும் வெங்காயமும். இரண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். கொக்கிப்புழுவால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அதைக் கொடுப்பது நோய்க்குத் துணை போவதுதான். நேற்றைய கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பதும் இதில் சேர்த்தி.

இரண்டாவது, நம் தெருக்களில் நிற்கும் மரம். ஆடிக்கு நம்மில் பலர் வேப்பிலை என்று பறிப்பது சிரிங்கா மரத்து இலை. அது வேம்பின் உறவுதான், வேம்பல்ல. அதன் மஞ்சள் காய் நாய்க்கு விஷம்: எச்சில் ஒழுகல், வாந்தி, ரத்தப்போக்கு, வலிப்பு. அதை அரைத்துக் கொடுக்காதீர்கள். குளிர்காலத்தில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்களையும் கூட்டி அள்ளிவிடுங்கள்.

பப்பாளி விதை நாயைக் கொல்லாது, புழுவையும் கொல்லாது. மஞ்சளும் அப்படியே.

பூசைக்கு ஆடு அறுத்தோம். ஈரல், நுரையீரலை நாய்க்குப் போடலாமா?

வேகவைத்துப் போடுங்கள். பச்சையாக வேண்டவே வேண்டாம்.

எகினோகாக்கஸ் என்று ஒரு நாடாப்புழு. நாயின் குடலில் அது சில மில்லிமீட்டர்தான், நாய்க்கு ஒரு தொந்தரவும் தராது. அதன் முட்டையைப் புல்லோடு ஆடு தின்றால் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் வளரும். அந்தக் கட்டியை நாய் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் ஆயிரக்கணக்கில் புழு. அப்புறம் அந்த நாயின் மலத்தில் வரும் புழு முட்டை கைவழியாக மனிதர் வயிற்றுக்குப் போனால், ஆட்டுக்கு வந்த அதே கட்டி நமக்கு வரும், பல வருடம் கழித்து, ஆபரேஷன் செய்யும் அளவுக்கு.

ஆடு அறுப்பவர் ஈரலில் வெளிறிய, தண்ணீர் கோத்த கொப்புளத்தைப் பார்த்தால் அந்தத் துண்டைப் பக்கத்தில் வீசாமல் எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ சொல்லுங்கள். கொப்புளம் இல்லாவிட்டாலும் நன்றாகக் கொதித்து 30 நிமிடமாவது வெந்திருக்க வேண்டும். பச்சைக் குடல், ஈரல் தின்றுவிட்ட நாய்க்கு பிராசிகுவாண்டல் எப்போது கொடுப்பது என்று வெட்டைக் கேளுங்கள். அடிக்கடி தின்னும் நாய்க்கு 6 வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம், முட்டை போடத் தொடங்கும் முன் புழு செத்துவிடும்.

பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

தொற்றும், ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. நாய் முகத்தை நக்குவதைப் பார்த்து பாட்டி பதறுவார். அதே பிள்ளை செருப்பில்லாமல் நாய் போகும் மணலில் விளையாடும்போது யாரும் பதறமாட்டார்கள்.

புதிதாக விழுந்த மலத்திலுள்ள உருண்டைப்புழு முட்டையோ கொக்கிப்புழு முட்டையோ உடனே யாருக்கும் தொற்றாது. உருண்டைப்புழு முட்டை மண்ணில் 2 வாரத்துக்கு மேல் கிடந்து முற்ற வேண்டும். கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரித்து, கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் குஞ்சாக மாறும். அந்த இடைவெளிதான் நம் வாய்ப்பு.

கொக்கிப்புழுக் குஞ்சு பிள்ளையின் பாதத்திலோ பிட்டத்திலோ புகுந்தால் சிவந்த, தடித்த, வளைந்து வளைந்து போகும் கோடு தெரியும். ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. இங்கே சேண்ட்வர்ம் என்பார்கள். மனிதத் தோலில் அதற்கு வழி தெரியாது, அலைந்துவிட்டுச் சாகும். ஊசியால் தோண்டாதீர்கள், கோட்டின் முனைக்கும் முன்னால் எங்கோதான் குஞ்சு இருக்கும். டாக்டர் தரும் அல்பெண்டசோலோ ஐவர்மெக்டினோ சரி செய்துவிடும். மனிதருக்கானதை, டாக்டர் எழுதித் தந்தால் மட்டும்.

உருண்டைப்புழு இன்னும் கவனிக்க வேண்டியது. மண் தின்னும் வயதுக் குழந்தையின் வயிற்றில் முட்டை பொரித்தால் குஞ்சு ஈரல், நுரையீரல் என்று அலையும். கண்ணுக்குள் போனால் அந்தக் கண்ணின் பார்வையே போகலாம். நகம் வெட்டுவது, சாப்பிடும் முன் கை கழுவுவது, மணல் பெட்டி இருந்தால் மூடி வைப்பது, தோட்டத்துத் தனியாவையும் கீரையையும் நன்றாக அலசுவது: இவைதான் வழி.

ராத்திரியில் பிள்ளைக்கு ஆசனவாயில் அரிப்பு என்றால் அது கீரிப்பூச்சி. மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது, நாயின்மேல் பழி போடாதீர்கள்.

முற்றத்தை எப்படிச் சுத்தம் செய்வது? ஜேஸ் ஃப்ளூயிட் ஊற்றினால் போதுமா?

போதாது. உருண்டைப்புழு முட்டையின் ஓடு மிகத் தடிப்பு, வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும், வீட்டில் வைத்திருக்கும் எந்தத் திரவத்துக்கும் அசையாது. ஜேஸ் ஃப்ளூயிடின் வாசனையில் நமக்குத்தான் சுத்தமான மாதிரி இருக்கும். ஈரம் காயும் முன் நாய் அதில் படுத்தால் தோல் வெந்துவிடும், நக்கினால் இன்னும் மோசம்.

வேலை செய்வது மண்வாரிதான். தினமும் மலத்தை அள்ளுங்கள். முடியாவிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. மேலே சொன்ன ஒரு வாரக் கணக்கு நினைவிருக்கட்டும், அதற்குள் அள்ளிவிட்டால் பெரும்பகுதி தொற்று மண்ணுக்கே போகாது. மழை வருகிற மாதிரி இருந்தால் அதற்கு முன் அள்ளுங்கள். மழை கரைத்துப் பரப்பிவிட்டால் அப்புறம் எதை அள்ளுவது? அள்ளியதைப் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். மடும்பி (சேப்பங்கிழங்கு) பாத்திக்கும் கீரைப் பாத்திக்கும் எருவாகப் போடாதீர்கள்.

நாய் படுக்கும் இடம் சிமென்ட் தரையாக, வெயில் படும்படி இருந்தால் நல்லது. கொக்கிப்புழுக் குஞ்சுக்கு வெயிலும் காய்ந்த தரையும் ஆகாது. சிமென்டில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் முட்டையும் சாகும். வாழை மரத்தடி, தண்ணீர்க் குழாய் ஓரம் போன்ற நிழலும் ஈரமுமான மூலையில் நாயைக் கட்டிப்போடுவதுதான் ஆகாத வழக்கம். சாட்ஸ்வொர்த்தில் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளில் வேலி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு நாயும் உங்கள் கணக்கில்தான். இரு வீட்டாரும் ஒரே நாளில் மாத்திரை கொடுத்தால் பலன் அதிகம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஒரு மாத்திரை கூட வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் லெனேசியாவில் இருக்கிறோம். இங்கே குளிர்காலத்தில் உறைபனி விழுகிறது. எங்களுக்கும் இதே கணக்கா?

கொக்கிப்புழு உங்களுக்குக் குறைவு. ஜொஹானஸ்பர்க் பக்கத்துக் குளிரும் வறட்சியும் மண்ணிலுள்ள குஞ்சுகளைக் கொன்றுவிடும், கோடை மழையில் திரும்ப வரும். உருண்டைப்புழு முட்டை குளிருக்குப் பயப்படாது. தெள்ளுப்பூச்சிக்கு உங்கள் ஹீட்டர் போட்ட அறையே போதும். ஆகவே 3 மாதக் கணக்கை விடாதீர்கள்.

தின்றதும் கக்குகிறது, மெலிகிறது. பூச்சி மாத்திரை கொடுத்தும் மாறவில்லை.

ஸ்பைரோசெர்கா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இது குடலில் இல்லை, உணவுக்குழாயின் சுவரில் கட்டிகளை உண்டாக்கி அதற்குள் வாழும் புழு. நம் மாகாணத்திலும், ஜொஹானஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்திலும் நிறைய உண்டு. சாண வண்டைத் தின்னும் நாய்க்கு வரும். வண்டைத் தின்ற பல்லி, கோழி வழியாகவும் வரும். சாதாரண மாத்திரைக்கு அடங்காது, டோராமெக்டின் போன்றதை வெட்தான் கொடுக்க வேண்டும். சில கட்டிகள் புற்றாக மாறிவிடும் என்பதால் எக்ஸ்ரேயோ என்டாஸ்கோப்பியோ எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வராமல் தடுக்க மாதம் ஒருமுறை கழுத்தில் விடும் சொட்டு மருந்து உண்டு.

போன மாதம்தான் ஊசி போட்டோம். மாத்திரையும் வேண்டுமா?

அது ரேபீஸ் ஊசி. சட்டப்படி கட்டாயம், போட்டது மிக நல்லது. ஆனால் புழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மாத்திரையைத் துப்பிவிடுகிறதே?

டின் மீன். பில்சர்ட் டின்னில் ஒரு துண்டை எடுத்து முள் நீக்கி, நடுவில் மாத்திரையை வைத்து உருட்டுங்கள். முதலில் மாத்திரை இல்லாத உருண்டை ஒன்று, அடுத்தது மாத்திரையோடு, அதை விழுங்குவதற்குள் மூன்றாவதை மூக்குக்கு முன் காட்டுங்கள். மூன்றாவதின் ஆசையில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். போலோனியிலும் சுற்றலாம், உப்பு அதிகம் என்பதால் சின்னத் துண்டு போதும். சிலிச் சாஸில் கிடக்கும் டின்னை வாங்காதீர்கள். கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுத்தால் நீங்களாக இரண்டாவது கொடுக்காமல் போன் செய்யுங்கள்.

மலப் பரிசோதனைக்கு எப்படிக் கொண்டுவருவது?

அன்று விழுந்தது வேண்டும். கட்டைவிரல் நுனி அளவு போதும், டப்பா நிறையத் தேவையில்லை. மண் ஒட்டாத பகுதியை எடுத்து, மூடியுள்ள சின்னப் பாத்திரத்தில் வைத்து, உடனே வர முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயிலில் காரில் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரித்துவிடும், அப்புறம் எண்ண முடியாது. நாங்கள் அதை உப்பு கரைத்த கெட்டித் தண்ணீரில் கலக்கி வைப்போம், முட்டைகள் மேலே மிதந்து வரும், கண்ணாடித் துண்டில் ஒற்றி எடுத்துப் பார்ப்போம். நாடாப்புழுத் துண்டு இதில் பெரும்பாலும் சிக்காது, ஆகவே வீட்டில் பார்த்ததைப் படமெடுத்துக் காட்டுங்கள். டப்பாவின்மேல் நாயின் பெயரையும் உங்கள் குடும்பப் பெயரையும் எழுதிவிடுங்கள். ஒரே காலையில் மூன்று "டைகர்" மலம் கவுன்டருக்கு வருவது எங்களுக்குச் சாதாரணம்.